ஆற்றுக்கரையா, நடு ஆறா, வயலா, கடலா? சுத்திகரித்த கழிவுநீரை எங்கே விடுவது

ஒரு நகராட்சிக்கு 20 எம்.எல்.டி. (நாளுக்கு 2 கோடி லிட்டர்) கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்றூட்டும் தொட்டியின் அளவு, பம்புகளின் குதிரைத்திறன், சேற்றை உலர்த்தும் முறை எல்லாம் திட்ட அறிக்கையில் பக்கம் பக்கமாக இருக்கும். சுத்திகரித்த நீர் எங்கே போகும் என்பதற்கு மட்டும் ஒரே வரிதான்: "அருகிலுள்ள ஆற்றில் விடப்படும்." கீழே இருக்கும் படித்துறை, குடிநீர் உறைகிணறு, பாசன வாய்க்கால், மீன்கள் எல்லாவற்றின் கதியும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. அதை விரித்து எழுதினால் குறைந்தது ஆறு வழிகள் தெரியும். ஒவ்வொன்றும் எந்த ஆற்றுக்கு, எந்த மாதத்துக்குப் பொருந்தும் என்பதை எண்களோடு பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஊரையும் ஆற்றையும் கணக்குக்காக அமைத்துக்கொள்கிறோம். 20 எம்.எல்.டி. என்பது நொடிக்கு 0.23 கன மீட்டர். ஆறு நல்ல ஓட்டத்தில் 60 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம், நொடிக்கு 0.4 மீட்டர் வேகம்; அதாவது நொடிக்கு 24 கன மீட்டர். கோடையில் அதே ஆறு மணல் திட்டுகளுக்கு நடுவே 20 மீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமுமாகச் சுருங்கி, நொடிக்கு 1 கன மீட்டர்தான் ஓடுகிறது. ஆற்றின் சரிவு 2 கிலோமீட்டருக்கு 1 மீட்டர்.

ஆற்றிடம் எவ்வளவு கேட்கிறோம்

நீர்த்துப்போதலை நம்பி அளவு வகுத்த பழைய உதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. 1912-இல் கழிவுநீர் பற்றிய ராயல் கமிஷன் தன் எட்டாவது அறிக்கையில் சுத்திகரித்த நீருக்கு பிஓடி (நீரிலுள்ள அழுக்கைப் பாக்டீரியா சிதைக்க ஐந்து நாளில் பிடிக்கும் ஆக்சிஜன்) 20, மிதக்கும் திடப்பொருள் 30 மி.கி/லி என்று அளவு சொன்னது. அதற்குள் ஒரு நிபந்தனை இருந்தது: ஒரு பங்கு கழிவுநீருக்கு எட்டுப் பங்கு சுத்தமான ஆற்று நீர் வேண்டும். ஆற்றின் பிஓடி 2 என்றால், 20-உம் எட்டு இரண்டுகளும் சேர்ந்து 36. அதை 9 பங்கால் வகுத்தால் 4. ஆறு 4-ஐத் தாண்டக் கூடாது என்பதே அவர்கள் குறி. பின்னால் பல நாடுகள் 20-ஐயும் 30-ஐயும் மனப்பாடம் செய்துகொண்டன, எட்டுப் பங்கை மறந்துவிட்டன.

இங்கே குளிக்கத் தகுந்த ஆறு என்ற வகைப்பாட்டுக்கு பிஓடி 3-ஐத் தாண்டக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் குறையக் கூடாது. அதே கணக்கைப் போட்டால், 20 பிஓடியுள்ள நீரை 3-க்குக் கொண்டுவர 17 பங்கு ஆற்று நீர் வேண்டும். நிலையம் பிஓடியை 10-க்குக் குறைத்துத் தந்தால் 7 பங்கு போதும். நம் ஊருக்கு இது நொடிக்கு 3.9 கன மீட்டர் ஆற்று ஓட்டமா, 1.6 கன மீட்டரா என்ற வித்தியாசம். கோடையில் இருப்பதோ 1 கன மீட்டர். அப்போது 20 பிஓடி நீரை விட்டால் முழுக்கக் கலந்த பிறகும் ஆறு 5.4-இல் நிற்கும். குழாயை எங்கே, எப்படிப் பதித்தாலும் இந்த 5.4 மாறாது. குழாய் அமைப்பால் கலத்தலை விரைவாக்க முடியும், ஆற்றில் இல்லாத நீரைக் கொண்டுவர முடியாது. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

எனவே கணக்குக்கு ஆண்டுச் சராசரி ஓட்டத்தை எடுக்கவே கூடாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். அதன் கீழே இருக்கும் ஊர் பிப்ரவரி முதல் மே வரையிலான ஓட்டத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒரு முறை வரக்கூடிய, தொடர்ந்து ஏழு நாள் நீடிக்கும் மிகக் குறைந்த ஓட்டத்தை அடிப்படையாக எடுப்பார்கள். நம் பருவகால ஆறுகளில் பலவற்றுக்கு அந்த எண் பூஜ்யம். பூஜ்யம் என்றால் அந்த நாளில் சுத்திகரித்த நீர்தான் ஆறு.

பிஓடியோடு நிறுத்திவிடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. 1 மி.கி. அமோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 4.57 மி.கி. ஆக்சிஜன் பிடிக்கும். ஐந்து நாள் பிஓடி சோதனையில் இது பெரும்பாலும் தெரியாது. அந்த வேலையைச் செய்யும் பாக்டீரியா மெதுவாக வளர்பவை. பிஓடி 10 என்று சான்றிதழில் அழகாக இருக்கும் நீரில் அமோனியா நைட்ரஜன் 25 இருந்தால், அதற்குள் ஒளிந்திருக்கும் ஆக்சிஜன் தேவை 114. ஏழு பங்கு ஆற்று நீரில் கலந்த பிறகும் லிட்டருக்கு 14 மி.கி. கேட்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஆற்று நீர் அதிகபட்சம் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜனே 7.5 மி.கி.தான். இந்த ஆக்சிஜன் சரிவு குழாய் வாயில் தெரியாது. ஒரு நாள் ஓட்டம், இரண்டு நாள் ஓட்டம் தாண்டி, வேறு ஊரின் எல்லையில் மீன் செத்து மிதக்கும்போதுதான் தெரியும்.

அமோனியாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதில் மீனுக்கு விஷமாவது அயனியாகாத பகுதி மட்டும். 30 டிகிரியில் பிஹெச் 7 என்றால் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பிஹெச் 8-இல் 7.5 விழுக்காடு; 9-இல் 45 விழுக்காடு. தேங்கிய கோடை ஆற்றில் பாசி செழித்து, பிற்பகலில் பிஹெச்சை 9-க்கு அருகே தூக்கிவிடும். காலை ஏழு மணிக்கு எடுத்த மாதிரியில் எல்லாம் சரியாகவே இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கும் ஒரு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

கரையில் விடும் குழாய்

செலவு மிகக் குறைவு. கரைச் சுவரில் ஒரு வாய், கீழே அரிப்பைத் தடுக்கக் கல் பாவு, வெள்ளம் எதிரேறாமல் இருக்க ஒரு மடல் கதவு. பத்தில் ஒன்பது இடங்களில் இதைத்தான் பார்க்கிறோம். ஆனால் ஆறு இதைக் கலக்க எடுத்துக்கொள்ளும் தூரம் பெரும்பாலோர் நினைப்பதைவிட மிக அதிகம்.

ஆற்றில் மேலிருந்து கீழாகக் கலப்பது விரைவு. 1 மீட்டர் ஆழத்தில் சுமார் 35 மீட்டர் ஓடினால் போதும். குறுக்காகக் கலப்பதுதான் மந்தம். அதற்கான வாய்ப்பாடு இது. ஆழத்தையும் தரை உராய்வு வேகத்தையும் (ஆழத்தையும் சரிவையும் வைத்துக் கணக்கிடுவது) பெருக்கி, இயற்கையான ஆற்றுக்கு 0.6-ஆல் பெருக்கினால் குறுக்குக் கலப்புக் கெழு கிடைக்கும். ஓட்ட வேகத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அந்தக் கெழுவால் வகுத்து, 0.4-ஆல் பெருக்கினால் கரையில் விட்ட நீர் முழு அகலமும் கலக்கும் தூரம். நம் ஆற்றில் உராய்வு வேகம் நொடிக்கு 0.07 மீட்டர், கெழு 0.042. விடை 13.7 கிலோமீட்டர். 0.6 என்ற எண் ஐம்பது விழுக்காடு கூடவோ குறையவோ செய்யும் என்பதால் இதை 9 முதல் 27 கிலோமீட்டர் வரை என்று வாசிப்பதே நேர்மை. அகலத்தின் வர்க்கம் என்பதைக் கவனியுங்கள். ஆறு இரண்டு மடங்கு அகலம் என்றால் தூரம் நான்கு மடங்கு.

தேவபிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் சேர்ந்த பிறகும் இரண்டு நிறங்கள் பக்கம் பக்கமாக ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பிரேசிலில் மனௌஸ் அருகே ரியோ நெக்ரோவின் கறுத்த நீரும் சோலிமோயஸின் மண் நிற நீரும் சுமார் 6 கிலோமீட்டர் ஒட்டாமல் ஓடுகின்றன. கழிவுநீருக்கு அப்படிக் கண்ணில் படும் நிறம் இல்லை, நடப்பது அதுவேதான்.

கரையை ஒட்டிக் கலக்காமல் ஓடும் அந்தக் கழிவுநீர்ப் பட்டைக்குள் என்ன இருக்கும்? நல்ல ஓட்டத்தில் முழுக்கக் கலந்தால் நம் நீர் 105 மடங்கு நீர்க்கும். ஆனால் அதே கரையில் 200 மீட்டர் கீழே அது 14 மடங்குதான் நீர்த்திருக்கும். 1 கிலோமீட்டரில் 32 மடங்கு. எதிர்க்கரையில் அந்த இடத்தில் கழிவுநீரே இருக்காது. ஆகவே இந்த வழியை ஏற்பதா வேண்டாமா என்பது ஒரே கேள்வியில் நிற்கிறது: அதே கரையில், கலக்கும் தூரத்துக்குள் படித்துறையோ, உறைகிணறோ, வாய்க்கால் தலைமதகோ இருக்கிறதா? இருந்தால் இந்த வழியை விட்டுவிட வேண்டும். ஆற்று மணலில் இறக்கிய உறைகிணறு பட்டையை அப்படியே உறிஞ்சும். மணல் கிருமியை வடிக்கும். நைட்ரேட்டையும் உப்பையும் வடிக்காது.

கரைக் குழாய்தான் என்று ஆகிவிட்டால், ஆற்று வளைவின் வெளிக்கரையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஆழமும் வேகமும் அதிகம், வளைவில் எழும் சுழல் ஓட்டம் குறுக்குக் கலப்பைத் தூண்டும். உள்வளைவில் மணல் திட்டு சேரும், நீர் தேங்கும், கோடையில் குழாய் வாய்க்கும் ஓடும் நீருக்கும் நடுவே நூறு மீட்டர் மணல் விரிந்து கிடக்கும். பிறகு சுத்திகரித்த நீர் அந்த மணலில் குட்டையாகி, கொசுவும் ஆகாயத்தாமரையுமாகிவிடும்.

நடு ஆற்றில் ஒற்றை வாய்

குழாயை ஆற்றுத் தரைக்கடியில் நடு ஓட்டம் வரை கொண்டுபோனால், கலக்கும் தூரம் நான்கில் ஒன்றாகிறது: 13.7 கிலோமீட்டர் 3.4 ஆகும். கரைக்குக் கிடைக்கும் நன்மை இதைவிடப் பெரிது. 1 கிலோமீட்டர் கீழே நடு ஆற்றில் 63 மடங்கு நீர்த்திருக்கும், கரையோரத்தில் 250 மடங்குக்கு மேல். படித்துறையும் உறைகிணறும் கரையோரத்தில் இருக்கும் ஊருக்கு இந்த 30 மீட்டர் கூடுதல் குழாயைப்போல விலைமதிப்புள்ள செலவு வேறில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

உடைவது எங்கே என்றால் வெள்ளத்தில். மணல் ஆறுகளின் படுகை வெள்ளத்தில் கீழிறங்கும். மணல் அள்ளிய இடங்களில் ஏற்கெனவே இறங்கியிருக்கும். இன்றைய படுகையிலிருந்து ஒரு மீட்டர் ஆழம் என்று பதித்த குழாய் இரண்டு வெள்ளத்தில் வெளியே தெரியும், மூன்றாவதில் மிதந்து வந்த மரம் அதை முறிக்கும். வெள்ள அரிப்பு ஆழத்தைக் கணக்கிட்டு அதற்கும் கீழே பதித்து, காங்கிரீட் உறையிட வேண்டும். காலியாக இருக்கும்போது ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய் மிதக்கும் என்பதால் எடைக் கட்டைகள் அவசியம்.

பல வாய்க் குழாய், அல்லது அணைக்கட்டின் உதவி

ஆற்றின் குறுக்கே நீளமாகப் படுத்து, பல சிறு வாய்களால் நீரைப் பிரித்து விடும் டிஃப்யூசர் குறுக்குக் கலப்பு என்ற மந்தமான வேலையை ஆற்றிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. அகலம் முழுவதும் பரவினால், மிச்சம் இருப்பது மேல்கீழ்க் கலப்பு மட்டும். சில பத்து மீட்டரில் முடியும். ஆழமான, வருடம் முழுக்க ஓடும், படுகை நகராத ஆற்றுக்கு இதுவே சிறந்தது. நம் மணல் ஆறுகளுக்குப் பெரும்பாலும் இதைப் பரிந்துரைக்க மனம் வருவதில்லை. படுகைக்கு மேல் 30 சென்டிமீட்டர் நீட்டிய வாய்கள் ஒரே வெள்ளத்தில் மணலுக்குள் போகும். உயரமாக நீட்டினால் மரக்கிளை சிக்கும். பாதி வாய்கள் அடைபட்ட டிஃப்யூசர் மீதிப் பாதியில் வேகமாகப் பீய்ச்சும். பம்ப் அழுத்தம் கூடுவதைக் கவனிக்க ஆள் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாமலே போகும்.

ஆனால் நம் ஆறுகளில் ஒரு தயாரான டிஃப்யூசர் இருக்கிறது: அணைக்கட்டு. நீர் வழியும் அணைக்கட்டில் ஆறு தன் முழு அகலத்துக்கும் மெல்லிய தகடாகப் பரவி விழுகிறது. அந்த விழுமிடத்துக்குக் கீழ்ப்பக்கமாக, அணைச் சுவரை ஒட்டித் துளைக் குழாயைப் பதித்து, சம இடைவெளிகளில் நீரை விட்டால், கலத்தலும் காற்றூட்டலும் ஒரே இடத்தில் நடக்கும். படுகை அங்கே கல்லும் காங்கிரீட்டும் ஆனதால் அரிப்புப் பயமும் குறைவு. மேல்பக்கம் விடவே கூடாது. வாய்க்கால்களின் தலைமதகு அங்கேதான் இருக்கும், தேங்கிய நீரில் அமோனியாவும் பாசியும் சேரும். இதற்கு நீர்வளத் துறையின் ஒப்புதல் வேண்டும், கட்டுமானத்தில் கை வைக்காத வடிவமைப்பு வேண்டும். அணைக்கட்டு வழியாத மாதங்களில் இதுவும் வெறும் கரைக் குழாயே.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். "ஆறு நீளவாக்கில் கலக்கும், உச்ச அளவு தானாகக் குறையும்" என்று சில அறிக்கைகள் எழுதுகின்றன. நீளவாக்குக் கலப்பு திடீரெனக் கொட்டிய ஒரு தொகுதிக்குத்தான் உதவும். இரவும் பகலும் விடாமல் வரும் கழிவுநீருக்கு முன்னால் போனதும் கழிவுநீர், பின்னால் வருவதும் கழிவுநீர். காலை ஏழு மணி முதல் பத்து மணி வரையிலான உச்ச வரத்தை நிலையத்திலேயே சமன்தொட்டியில் பிடித்து, நாள் முழுக்கச் சீராக விடுவதுதான் தீர்வு.

வயலும் ஆறும் மாறி மாறி

சுத்திகரித்த நீரை ஆற்றிலேயே விடாமல் தேக்கிவைத்து, வெள்ளம் வரும்போது திறப்பது காகிதத்தில் நன்றாக இருக்கும். 150 நாள் வரத்து 30 லட்சம் கன மீட்டர். 3 மீட்டர் ஆழத்தில் தேக்க 100 ஹெக்டேர், கிட்டத்தட்ட 250 ஏக்கர் வேண்டும். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் வரத்தில் கால் பங்கு வானத்துக்குப் போய், உப்பு மட்டும் தங்கும். நிலம் சும்மா கிடக்கும் ஊருக்குத்தான் இது.

வயலுக்குத் திருப்புவது வேறு கதை. பயிருக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்றால் 20 எம்.எல்.டி. சுமார் 400 ஹெக்டேருக்குப் பாயும். இதில் மிக முக்கியமான பொருத்தம் ஒன்று இருக்கிறது: வயல் தண்ணீர் கேட்கும் மாதங்களில்தான் ஆறு வறண்டிருக்கிறது, ஆறு ஏற்றுக்கொள்ளும் மாதங்களில்தான் வயலுக்கு நீர் வேண்டாம். மழைக்காலத்தில் ஆறு, கோடையில் வயல் என்று இரண்டு குழாய்களோடு திட்டமிட்டால், கரைக் குழாயின் பெரிய குறையான கோடை நாட்கள் கணக்கிலிருந்தே விலகிவிடும். உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது இந்தக் கலப்பு முறையைத்தான்.

சரிபார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது நைட்ரஜன். ஹெக்டேருக்கு ஒரு மீட்டர் உயரம் நீர் பாய்ச்சினால் 10,000 கன மீட்டர். அதில் 25 மி.கி/லி நைட்ரஜன் இருந்தால் 250 கிலோ நிலத்துக்குப் போகும். நெல்லுக்குப் பரிந்துரைப்பது சுமார் 150 கிலோ. உழவர் வழக்கம்போல யூரியாவும் போட்டால் பயிர் தழைத்துச் சாயும், மிச்சம் கிணற்றில் நைட்ரேட்டாக இறங்கும். யூரியாவைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் கொடுக்க வேண்டும். இரண்டாவது உப்பு. வீட்டுக் கழிவுநீரோடு சாயப்பட்டறை, தோல் பதனிடும் தொழிற்சாலை நீர் சேர்ந்தால் இந்த வழி மூடியது என்று பொருள்.

உப்புக்கு நீர்த்தல் மருந்தாகாது

நொய்யல் இதற்குப் பாடம். திருப்பூரின் சாய நீரில் பிஓடியைவிடப் பெரிய சிக்கல் கரைந்த உப்பு. பிஓடியை ஆறு சாப்பிடும், கிருமியை வெயில் கொல்லும். உப்பு எங்கேயும் போகாது. லிட்டருக்கு 6,000 மி.கி. உப்புள்ள நீரை 400 மி.கி. உள்ள ஆற்று நீரால் 1,000-க்குக் கொண்டுவர எட்டுப் பங்குக்கு மேல் நல்ல நீர் வேண்டும். நொய்யலில் வருடத்தின் பெரும்பகுதி அது இல்லை. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாய நீரின் தேக்கமானது. ஆயக்கட்டு விவசாயிகள் அந்த நீரைத் தங்கள் வயலுக்குத் திறக்க வேண்டாம் என்று வழக்காடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு திருப்பூர் வெளியேற்றமே இல்லாத முறைக்கு மாறியது: எதிர் சவ்வூடு பரவல் (நீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரித்தல்), பிறகு ஆவியாக்கி, பிறகு உப்பைப் படிகமாக்குதல். மின்சாரமும் விறகும் நிறையத் தின்னும் முறைதான். ஆனாலும் நொய்யலைப் போன்ற ஆறு உள்ள இடத்தில் உப்பு நீருக்கு வேறு நேர்மையான வழி இல்லை.

வீட்டுக் கழிவுநீரைத் தொழிற்சாலைக்கு விற்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 எம்.எல்.டி. அளவில் எதிர் சவ்வூடு பரவல் வரை சுத்திகரித்துத் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். ஆற்றுக்குச் சுமை குறையும், குடிநீருக்கும் போட்டி குறையும். அறிக்கையில் தேட வேண்டியது ஒதுக்கு நீர், அதாவது சவ்வு ஒதுக்கித் தள்ளும் உப்பு நீர். 75 விழுக்காடு மீட்பு என்றால் நம் 20-இல் 5 எம்.எல்.டி. நான்கு மடங்கு உப்போடு மிஞ்சும். கடலோர ஊருக்கு அதை வெளியேற்ற இடம் உண்டு. உள்நாட்டு ஊர் அந்த 5 எம்.எல்.டி.க்குப் பதில் சொல்லாமல் இந்த வழிக்குள் நுழையக் கூடாது. வாங்கும் தொழிற்சாலைக்கு இவ்வளவு சுத்தம் தேவையில்லை, குளிரூட்டும் கோபுரத்துக்குத்தான் என்றால் சவ்வு இல்லாமல் வடிகட்டலோடு நிறுத்திவிடலாம். ஒதுக்கு நீரே வராது.

கடல்

கடலில் கழிவுநீர் கலக்கும் விதமே வேறு. நன்னீர் உப்புநீரைவிட லேசானது. அடியில் விட்டால் மேலே எழும், எழும் வழியில் கடல்நீரை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். ஆற்றில் கிடைக்காத இந்த இலவச உந்துதலை எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதை வாய்களின் எண்ணிக்கை முடிவு செய்கிறது.

10 மீட்டர் ஆழத்தில், ஓட்டமே இல்லாத கடலில், நம் 0.23 கன மீட்டரை ஒரே பெரிய வாயால் விட்டால் மேற்பரப்பை அடையும்போது மையத்தில் சுமார் 7 மடங்குதான் நீர்க்கும். அதே நீரை 100 மீட்டர் நீள டிஃப்யூசரில் பிரித்து விட்டால் சுமார் 140 மடங்கு. ஆழம் 5 மீட்டர் என்றால் அது பாதியாகும். நீளத்தை இரட்டிப்பாக்கினால் 220. ஒரே செலவில் ஆழமா நீளமா என்று வந்தால், ஆழத்துக்குப் போங்கள். கரையிலிருந்து விலகலும் கூடவே கிடைக்கும். மும்பையில் வொர்லியில் 3.4, பாந்த்ராவில் 3.7 கிலோமீட்டர் தூரம் கடலுக்குள் குழாய் போகிறது. பாஸ்டனில் 2000-இல் திறந்த சுரங்கக் குழாய் 15 கிலோமீட்டர் போய், 30 மீட்டர் ஆழத்தில் 55 நிலைக்குழாய்களால் கடைசி 2 கிலோமீட்டரில் நீரைப் பரப்புகிறது.

நம் அளவுக்கு வடிவமைப்பு இப்படி அமையும்: 500 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய், 5 மீட்டருக்கு ஒன்றாக 20 வாய்கள், ஒவ்வொன்றும் 75 மில்லிமீட்டர். வாயில் வேகம் நொடிக்கு 2.6 மீட்டர். எல்லா வாய்களின் மொத்தப் பரப்பு குழாய்ப் பரப்பில் 45 விழுக்காடு. இந்த விகிதம் ஒன்றைத் தாண்டினால் எல்லா வாயிலும் சமமாக நீர் வராது, கடல்நீர் உள்ளே புகும். புகுந்த உப்புநீர் அடியில் படுத்துக்கொள்ளும், மணலும் சிப்பியும் குடியேறும், அதை வெளியே தள்ள வழக்கமான ஓட்டம் போதாது. வாய்களுக்கு வாத்து அலகு போன்ற ரப்பர் வால்வு போட்டால் ஓட்டம் குறையும்போது தானே மூடிக்கொள்ளும். 75-க்குக் குறைந்த வாய் அடைக்கும். முதல் வாய்க்கு முன்னால் குழாயில் நொடிக்கு 1.2 மீட்டர் ஓடும் நீர், கடைசி ஐந்து வாய்களை அடையும்போது 0.3 ஆகிவிடும், அங்கே சேறு படியும். கடைசிப் பகுதியில் விட்டத்தைக் குறைக்க வேண்டும், முனையில் கழுவித் தள்ளும் மூடியும் வைக்க வேண்டும். 2 கிலோமீட்டர் குழாயின் உராய்வுக்கு 4 மீட்டருக்குச் சற்று அதிகமாக நீர் அழுத்தம் செலவாகும். கடல்நீர் கனமானது என்பதால் 10 மீட்டர் ஆழத்துக்கு இன்னொரு 26 சென்டிமீட்டர். வாய்களில் ஏறத்தாழ அரை மீட்டர்.

கிழக்குக் கடற்கரையில் கரையோர ஓட்டம் தென்மேற்குப் பருவத்தில் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். ஒரே பருவத்தில் அளந்துவிட்டு "இந்தப் பக்கம் மீனவர் குப்பம் இல்லை" என்று எழுதுவது பாதி உண்மை. பிற்பகல் கடல்காற்று மேலே எழுந்த நீரைக் கரைக்குத் தள்ளும். 140 மடங்கு நீர்த்தல் 100 மில்லிலிட்டருக்கு ஒரு லட்சமாக இருந்த கோலிஃபார்ம் என்ற குடல் பாக்டீரியாவை 700-க்குக் கொண்டுவரும். நல்ல வெயிலில் சில மணி நேரத்தில் அதிலும் பத்தில் ஒன்று ஆகும். இரவில் அந்த வெயில் இல்லை. அதனால் நீண்ட குழாய் போட்டாலும் கிருமிநீக்கத்தை விட்டுவிடக் கூடாது. கடற்கரை ஒழுங்குமுறை அனுமதியும் முன்கூட்டியே வாங்க வேண்டும்.

முகத்துவாரத்தில் விடுவதைக் கடலில் விடுவதாக நினைப்பவர்கள் உண்டு. அடையாறு, கூவம் வாய்களைப் போல மணல்மேடு அடைக்கும் இடத்தில் கடல் வெளியே இருக்கும், கழிவுநீர் உள்ளேயே இருக்கும். திறந்திருந்தாலும் ஓதத்தோடு போனது ஓதத்தோடு திரும்பும். எல்லா வழிகளிலும் இதுவே மோசமானது. கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் ஒதுக்கு நீருக்கு மேற்சொன்ன கணக்கு பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்: அது கடலைவிடக் கனம், மூழ்கித் தரையில் படரும். அதை 60 டிகிரி சாய்வில் மேல்நோக்கி வேகமாகப் பீய்ச்சித்தான் கலக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஆற்றில் இறங்கி அளப்பது

கணினி மாதிரிக்கு முன்னால் இரண்டு நாள் வேலை போதும், ஏப்ரலிலோ மே மாதத்திலோ. 50 மீட்டர் தூரத்தைக் கயிற்றால் குறித்து, எலுமிச்சம்பழங்களை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்கினால் சராசரி வேகம். அகலத்தைப் பத்தாகப் பிரித்து ஒவ்வோர் இடத்திலும் ஆழம் அளந்தால் ஓட்டம் கிடைக்கும்.

ஏற்கெனவே கழிவுநீர் விழும் இடம் என்றால் நீரில் கரைந்த உப்பின் அளவை உணர்த்தும் மின்கடத்துதிறன் மீட்டர் ஒன்று போதும். கழிவுநீர் 1,500, மேலாற்று நீர் 400 மைக்ரோசீமென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கீழே ஓர் இடத்தில் 510 காட்டினால், 1,100-ஐ 110-ஆல் வகுத்து, அங்கே 10 மடங்கு நீர்த்திருக்கிறது என்று அறியலாம். 200 மீட்டர், 1 கிலோமீட்டர், 3 கிலோமீட்டரில் கரைக்குக் கரை பத்துப் புள்ளிகள் எடுங்கள். இரு கரையிலும் ஒரே எண் வரும் இடம்தான் உங்கள் ஆற்றின் உண்மையான கலக்கும் தூரம். வழியில் வேறு சாக்கடை விழுந்தால் அதன் மேலும் கீழும் தனியாக அளக்க வேண்டும்.

கோடை ஓட்டம் கழிவுநீரைப்போல ஏழு மடங்குக்குக் கீழே என்று வந்தால், குழாய் வடிவமைப்புக்கு ஒதுக்கிய பணத்தை அமோனியாவை நிலையத்திலேயே நைட்ரேட்டாக மாற்றும் கூடுதல் காற்றூட்டலுக்கும், கோடையில் வயலுக்குப் போகும் இரண்டாம் குழாய்க்கும் மாற்றிவிடுங்கள். ஓட்டம் இருபது மடங்குக்கு மேல் இருந்து, அதே கரையில் உறைகிணறும் இருந்தால், நடு ஆறு அல்லது அணைக்கட்டின் கீழ்ப்பக்கம். இருபது மடங்கு இருந்து கீழே பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு யாரும் நீர் எடுக்காவிட்டால் வளைவின் வெளிக்கரையே போதும். கடல் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் இருந்து, பத்து மீட்டர் ஆழம் எட்டும் தூரத்தில் கிடைத்தால், ஆற்றை விட்டுவிட்டு டிஃப்யூசருக்கான கடலடி ஆய்வைத் தொடங்குங்கள். அந்த ஆய்வு இரண்டு பருவங்களையும் தொட வேண்டும் என்பதால், நிலையத்தின் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு ஒரு வருடம் முன்பே அது ஆரம்பித்திருக்க வேண்டும்.